ஒருமனதாக ஏறிய மலை

உலகத்தில் மலைகள் ஏராளம். ஏறியவர்களும் ஏராளம். ஆனால் முறைப்படி கூட்டம் கூட்டி, நோக்கவுரை வாசித்து, ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டு ஒரு குடும்பம் ஏறிய மலை, மனிதகுல வரலாற்றில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்தப் பெருமை மேலாளரையே சேரும். பெரிய நிறுவனம் ஒன்றில் பிரிவுத் தலைவர். பத்து நாள் விடுப்பில், படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த கேரவன் வண்டியை வாடகைக்குப் பிடித்துக் குடும்பத்தோடு கிளம்பியிருந்தார். ஓட்டியது அவர் மனைவி. நகரப் பேருந்தில் பதினாறு வருஷம் ஸ்டியரிங் பிடித்தவள். மேலாளர் பக்கத்து இருக்கையிலிருந்து 'வழிநடத்தினார்'. அதாவது, அவள் திரும்பி முடித்த பிறகு "திரும்பு" என்பார்.

ஆறாம் நாள் காலை, மலையடிவாரத்தில் மடக்கு மேசையைச் சுற்றிக் கூட்டம் நடந்தது. பொருள்: குடும்ப ஒற்றுமையை மேம்படுத்தும் மலையேற்றம்.

"யாருக்காவது மாற்றுக் கருத்து இருக்கா?"

மாமனார் கையைத் தூக்கினார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். "மாப்பிள்ளை, ஜனங்க மாடி ஏறிக் கஷ்டப்படக் கூடாதுன்னு முப்பத்தஞ்சு வருஷம் உழைச்சவன் நான். என்னையே ஏறச் சொல்றது நியாயமா?"

"அப்போ நீங்க உறுப்பினர் இல்ல மாமா, பார்வையாளர்."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பார்வையாளர் வண்டிக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

பாதை நெடுகப் பாறைகளில் மஞ்சள் அம்புக்குறி வரைந்திருந்தார்கள். பாதை இரண்டாகப் பிரிந்த ஓரிடத்தில் அம்பு இடப்பக்கம் காட்டியது. மேலாளரின் கைபேசி வலப்பக்கம் காட்டியது.

"அப்பா, அம்பு அந்தப் பக்கம் போகுது" என்றாள் பன்னிரண்டு வயது மகள்.

"அது சாதாரண ஜனங்களுக்கும்மா. நமக்குக் குறுக்குவழி. வேணும்னா ஓட்டெடுப்பு வெச்சுக்கலாம்."

இரண்டுக்கு ஒன்று என்று அம்பு ஜெயித்தது. தலைவருக்கு இரண்டு ஓட்டு என்று மேலாளர் விளக்கினார். சமநிலை ஏற்பட்டது. சமநிலையில் தலைவர் முடிவே இறுதி என்று மறுபடி விளக்கினார். வலப்பக்கம் போனார்கள்.

ஒன்றரை மணி நேரத்தில் பாதை புதருக்குள் கரைந்துவிட்டது. மூடுபனி இறங்கி, ஐந்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நிமிஷத்துக்கொரு தரம் 'முன்னேற்ற அறிக்கை' என்று வீடியோ எடுத்ததில் கைபேசியும் உயிரை விட்டிருந்தது.

"நாம வழி தவறல" என்றார் மேலாளர். "வழிதான் இன்னும் நம்மகிட்ட வந்து சேரல."

சொல்லிக்கொண்டே ஓர் அடி எடுத்து வைத்தார். காலடியில் நழுவிய கல் உருண்டது, உருண்டுகொண்டே இருந்தது, வெகுநேரம் கழித்துத்தான் சத்தம் அடங்கியது. அடுத்த அடிக்கு அவர் 'ஒப்புதல்' வழங்கவில்லை. மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கப்பா."

"பயமெல்லாம் இல்லம்மா. ஆபத்தை மதிப்பீடு பண்றேன்." கையை மட்டும் விடவில்லை.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க!" என்றாள் மனைவி.

கீழே, பனிக்குள்ளிருந்து மெல்லக் கேட்டது: பாம்ம்... பாம்ம்ம்...

"நம்ம வண்டி ஹாரன்தாங்க அது!"

ஹாரனைக் கேட்டே பின்னால் வரும் லாரி எத்தனை கஜத்தில் இருக்கிறது என்று சொல்லக்கூடியவள். அவள் முன்னே நடந்தாள். ஹாரன் ஒலித்தபோது நகர்ந்தார்கள்; நின்றபோது நின்றார்கள். செங்குத்தான இடங்களில் மேலாளர் தலைமைப்பதவியைத் தற்காலிகமாகப் பின்பக்கத்துக்கு மாற்றி, உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினார்.

அடிவாரத்தில் மாமனார் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தார். மேலாளர் ஓடிப்போய் ஜன்னல் வழியே அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, நாங்க தொலைஞ்சது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

"தொலைஞ்சீங்களா? அட கடவுளே! டின் ஓப்பனரை உங்க பையில போட்டு எடுத்துட்டுப் போயிட்டீங்க மாப்பிள்ளை. பசி உயிர் போகுது!"

மகள் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். மனைவிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கடைசியில், விதிமுறைகளைத் தளர்த்தி, மேலாளரும் சிரித்தார்.

விடுப்பு முடிந்ததும் அலுவலகத்தில் 'இக்கட்டில் தலைமை' என்று ஒரு மணி நேரம் உரையாற்றினார். மூன்று பேரை அழைத்துப்போய், மூன்று பேரையும் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்ததாக—தம்மையும் சேர்த்துத்தான்—சொன்னபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

தட்ட வேண்டியதுதான். இருபது வருஷத்தில் அவர் தலைமையேற்ற ஒன்பது பிரிவுகளையும் நிறுவனம் இழுத்து மூடியிருக்கிறது. அவரை நம்பிப் போனவர்களில் ஆள் குறையாமல் திரும்பி வந்தது, இந்தக் குடும்பம் ஒன்றுதான்.