குழந்தைக்கு உன் ஜாடை இல்லை, அக்கா

டெர்முன்டர்சைல்,
வியாழக்கிழமை.

என் பிரியமுள்ள லீஸ் அக்காவுக்கு, தம்பி கீல் வணக்கத்துடன் எழுதுவது. இவ்விடம் இத்தனை காற்றிலும் பறந்துபோகாமல் சௌக்கியமாக இருக்கிறேன். அவ்விடம் உன் முழங்கால், அத்தானின் ரத்த அழுத்தம், பூனை எல்லாம் சௌக்கியம் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. அத்தான் பக்கத்தில் இருந்தால் சத்தம்போட்டுப் படிக்காதே.

முக்கியமான சேதி: குழந்தை இல்லை. ஒன்றும் இல்லை, இரட்டையும் இல்லை.

கிறிஸ்துமஸ் விருந்தில் நான் மார்லூஸிடம், "நாப்பது ஆகுதே, தொட்டில் எப்போ?" என்று கேட்டதிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை என்று உனக்குத் தெரியும். பெற்ற தகப்பன் கேட்காமல் தபால்காரனா கேட்பான்? அது போகட்டும். மாதக்கணக்கில் வாயைத் திறக்காத பெண்ணிடமிருந்து போன வாரம் செய்தி வருகிறது: "அப்பா, நாங்க இப்போ பிரசவ அறையிலதான் இருக்கோம். சின்னதுங்க நெறைய வந்திருக்கு. ஹைகோவும் நானும் சரியாத் தூங்கியே நாளாச்சு. வந்து பாருங்களேன்." நீயே சொல், இதைப் படித்தால் எந்த மனிதனுக்கு மீன் ஞாபகம் வரும்? நம் ஊரில் பிரசவ அறை என்றால் பிரசவ அறை. இந்த வடக்கு மாகாணத்து ஆட்கள், ஆறு கடலில் கலக்கும் இடத்துச் சேற்றுத் தண்ணீருக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று பேருந்து ஓட்டியே ஓய்ந்தவனுக்கு எப்படித் தெரியும்? அவள் வேலை மீன் சம்பந்தமானது என்று தெரியும். அதற்காக மீன் பிள்ளை பெறுகிற அறையில் இவள் உட்கார்ந்திருப்பாள் என்று தெரியுமா?

அதற்கப்புறம் நடந்ததில் உனக்கும் பங்கு உண்டு. பிள்ளை பிறந்த சேதி சொல்லும் மரநாரையை நான் வாசலில் நட்டு, பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டேன். நீ இரண்டு ஜோடி காலுறை பின்னினாய். வாத்தியக் குழுத் தலைவர் லெய், நான் திரும்பியதும் ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து வாசிப்பதாக வாக்குக் கொடுத்தார். பிள்ளை பார்க்கப் போகிறவன் வெறுங்கையோடு போகலாமா என்று வழக்கப்படி ரஸ்க் வாங்கினேன், மேலே தூவச் சோம்பு மிட்டாய் பெண்ணுக்கு ரோஸ், ஆணுக்கு நீலம் என்று இரண்டிலும் வாங்கினேன், இருப்பதிலேயே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு ரயிலேறினேன்.

பேருந்து நிறுத்தத்தில் மாப்பிள்ளை ஹைகோ நின்றான். "மொய்" என்றான், அதுதான் இவர்கள் வணக்கம். இந்த ஊரில் வந்தாலும் மொய், போனாலும் மொய், வீடு பற்றி எரிந்தாலும் மொய்தான்.

"எல்லாரும் சௌக்கியமா மாப்பிள்ளை?"

"நல்லா இருக்குதுங்க மாமா. சேத்தைக் கிளறித் தின்னுட்டுக் கெடக்குதுங்க."

இந்தக் காலத்துப் பிள்ளை வளர்ப்பு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். "சரி, எத்தனை?"

"இன்னும் எண்ணி முடிக்கலை மாமா."

வேடிக்கை பேசுகிறான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நேரே ஒரு கொட்டகைக்கு அழைத்துப் போனான். நான் முழங்கைவரை கைகழுவி, பாதணியைக் கழற்றி, குழந்தை எழுந்துவிடக் கூடாதென்று பூனைபோல நடந்து போனேன். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததால் அதையும் கழற்றிவிட்டேன். மார்லூஸ் ஒரு தொட்டிக்குப் பக்கத்தில் நின்று, மேலே கிடந்த துணியை மெதுவாக விலக்கினாள். நான் ரயிலிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னேன்: "அடி என் தங்கமே! அப்படியே லீஸ் அத்தை ஜாடை!"

தங்கம் துள்ளி என் கழுத்துப்பட்டையில் விழுந்தது. வெள்ளி நிறத்தில் விரல் நீளம். தொட்டி நிறைய அதன் உடன்பிறப்புகள், அடியில் நகத்தளவு தட்டைமீன்கள். அக்கா, கோபித்துக்கொள்ளாதே. கண்ணாடி இல்லாமல் சொன்ன வார்த்தை அது.

மார்லூஸ் சிரித்தாள் பார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் என் கையில் இருந்த ரஸ்க்கையும் காலுறைகளையும் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"மீன் பாக்கன்னு கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டீங்க, இல்லையாப்பா?"

பயணச்சீட்டு எடுக்காதவனிடம் எத்தனை வாய் பேசியவன் நான்! அன்றைக்குப் பொய் ஒன்று கூடச் சிக்கவில்லை. "வந்திருக்க மாட்டேன்" என்றேன். உன்னிடம் மறைப்பானேன்? இவள் மறுபடி என்னோடு பேசாமல் போய்விட்டால் என்ன செய்வேன் என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே பயம்.

ஹைகோதான் அசைந்தான். ரஸ்க்கை எடுத்து, வெண்ணெய் தடவி, நீல மிட்டாயைத் தாராளமாகத் தூவினான். "பிரசவ அறைன்னா ரஸ்க் வேணும்ல?" என்று சொல்லிக் கடித்தான். மொய் தவிர அவன் தானாக வாய் திறந்து பேசி இந்த ஊரே கேட்டிருக்காது. மார்லூஸ் ரோஸ் மிட்டாய் போட்ட ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பிறகு கடல் வடிந்த நேரத்தில் என்னைச் சேற்றுக்கு நடத்திக்கொண்டு போனாள். "வெளிய கடல்ல இருந்தா பெரிய மீன் முழுங்கிடும்ப்பா. இங்க ஆழமில்ல, தண்ணி வேற கலங்கல், சட்டுனு கண்ணுல படாது. சேறு பூரா தீனி. கொஞ்சம் வளர்ற வரைக்கும் இங்க, அப்புறம் கடலுக்குப் போயிடும்."

"போனப்புறம் எழுதிப் போடுமா?"

"போடாது."

"அது எனக்குத் தெரியும்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சேறு வழுக்கியதால் என்றே வைத்துக்கொள்.

ஆகவே அக்கா, நான் சனிக்கிழமை வந்துவிடுகிறேன். அதற்குள் நாரையைப் பிடுங்கிவிடு. லெய்யிடம் எனக்குக் கடும் ஜலதோஷம், வாத்தியச் சத்தம் தாங்காது என்று சொல். இனி இந்த மீன் பேச்சையே நான் எடுக்கப்போவதில்லை. அத்தானுக்கு என் வணக்கம், பூனைக்கு என் ஆசி, உன் முழங்காலுக்கு ஆண்டவர் அருள்புரியட்டும்.

உன் அசட்டுத் தம்பி,
கீல்

பி.கு.: சனிக்கிழமை வரவில்லை. உறையை ஒட்டப் போகும்போது மார்லூஸ் கூப்பிட்டு ஒரு தட்டைமீன் குஞ்சைக் காட்டினாள். அதற்கு ஒரு கண் இன்னும் உச்சந்தலையிலேயே நிற்கிறது, மெல்ல நகர்ந்து மற்றக் கண்ணுக்குப் பக்கத்தில் வந்து சேருமாம். "இன்னும் கொஞ்ச நாள்தான், வந்துடும்ப்பா. பாக்காமப் போறீங்களா?" என்று கேட்டாள். வெறும் மீனைப் பார்க்கத்தான் கூப்பிட்டாள், அக்கா. இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.