தாங்கள் கொடுத்தனுப்பிய டிரில் பற்றி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலம். அங்கு தாங்களும், வீட்டில் அனைவரும், எங்கள் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமாக இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அது தங்களுடைய டிரில்.

போன மாதம் மாப்பிள்ளை இங்கே வந்தபோது அதைக் கையோடு கொண்டுவந்து, "மாமா, அப்பா இதைக் கொடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்று மேசைமேல் வைத்தார். நான் கேட்கவே இல்லை. எங்கள் ஹாலில் அலமாரி இரண்டு திருகாணியில் ஆடிக்கொண்டு தொங்குவதை மகள் சொல்லியிருப்பாள் போலும். கேட்காமலே இரவல் கொடுத்தனுப்பிய தங்கள் பெரிய மனசை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைப்பிடி முழுக்கக் கறுப்பு டேப் சுற்றி எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தீர்கள்!

ஆனால் பொத்தானை அழுத்தினால் ஒரு முனகல், அவ்வளவுதான். மூன்று நாள் சார்ஜில் போட்டும் பேட்டரி அசைந்து கொடுக்கவில்லை. என் கைக்கு வந்துதான் அது உயிரை விட்டது என்று தாங்கள் நினைப்பீர்களே என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேட்டரிக் கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த மாடல் வருவது நின்று பல வருடம் ஆகிறது, வேறு பேட்டரியைப் பொருத்திக்கொள்ளுங்கள் என்று ஒரு பிளாஸ்டிக் அடாப்டரைக் கொடுத்தார். நான் மின்சார அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன். தபால் பிரிவில்தான் என்றாலும், இது ஒரு பெரிய காரியமா என்று இறங்கிவிட்டேன்.

வீட்டில் உயிரோடு இருந்த ஒரே பேட்டரி என் மனைவியின் ஒயரில்லாத வேக்குவம் கிளீனருடையது. அவள் பாதி ஹாலைச் சுத்தம் செய்துவிட்டு போன் பேசப் போன நேரத்தில் அதைக் கழற்றிக்கொண்டு வந்து, பழைய பேட்டரிப் பெட்டியைப் பிளந்து, செத்த செல்களை எடுத்துவிட்டு, அடாப்டரை அதன் அடியில் திருகி, சிவப்பு ஒன்று கறுப்பு ஒன்று என்று இரண்டு ஒயரையும் இழுத்துச் சேர்த்து, இரண்டுக்கும் பச்சை டேப்பைச் சுற்றியதில் எது எதுவென்று எனக்கே மறந்துபோய், சரி பார்த்துக்கொள்ளலாம் என்று அழுத்தினால், கூரை அதிரச் சுற்றியது. அந்தச் சந்தோஷத்தில் அலமாரியின் திருகாணிகளை இறுக்கப் போனேன். இரண்டும் வெளியே வந்தன, பின்னாலேயே அலமாரியும் வந்தது. போனைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தவள், "ஏங்க, இத்தனை நாளா ஆடிக்கிட்டாவது தொங்குச்சு" என்றாள்.

ஒயரைத் தலைகீழாகச் சேர்த்துவிட்டிருக்கிறேன். மறுபடி பிரித்தால் மறுபடி சேருமா என்ற பயத்தில் அப்படியே விட்டிருக்கிறேன். ஆகவே தாங்கள் முடுக்க வேண்டுமானால் கழற்றும் பக்கமும், கழற்ற வேண்டுமானால் முடுக்கும் பக்கமும் தள்ளவும். புதுப் பேட்டரிக்கு வீரியம் கொஞ்சம் அதிகம். மூன்று நிமிடத்துக்கு மேல் ஓட்டினால் கைப்பிடி சுடும்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. "பொண்ணைக் கொடுத்த எடத்துச் சாமானைக் கெடுத்து வச்சிருக்கீங்க. நாளைக்கு அவளை யாராவது ஒரு வார்த்தை சொன்னா என்ன செய்வீங்க?" என்று இவள் கேட்டதுதான் மனசைக் குத்திவிட்டது. குற்றம் முழுக்க என்னுடையது. மகளுக்கு ஒன்றும் தெரியாது. பெரிய மனசு பண்ணி என்னை மன்னிக்க வேண்டும். டிரில்லை அந்தப் பேட்டரியோடேயே மாப்பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறேன். எங்கள் வீட்டில் இனி துடைப்பம்தான். இவளும் சம்மதித்துவிட்டாள், பெருக்குவது நான் என்ற நிபந்தனையோடு.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் வணக்கத்தையும், மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகளையும் சொல்லவும்.

தலைகுனிந்து நிற்கும்,
தங்கள் சம்பந்தி

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். அனுப்புவதற்கு முன் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். கைப்பிடி சுட்டதில் தங்கள் கறுப்பு டேப் இளகி உரிந்து வந்துவிட்டது. அடியில் ஆணியால் கீறி என் பெயரும் எங்கள் பழைய வீட்டு எண்ணும் இருக்கின்றன. கையெழுத்தும் என்னுடையதே. பிள்ளைகளுக்குக் கல்யாணமான வருடம் ஜன்னலுக்குத் திரை மாட்ட வேண்டும், இரண்டே நாளில் தருகிறேன் என்று தாங்கள் வாங்கிப் போனது இவளுக்கு இப்போது நினைவு வந்துவிட்டது. மாப்பிள்ளை 'கொடுத்துட்டு வரச் சொன்னாங்க' என்றதன் அர்த்தமும் விளங்கிவிட்டது. ஆகவே மேலே கேட்டிருக்கும் மன்னிப்பைத் தயவுசெய்து திருப்பிக் கொடுத்தனுப்பவும். அதையாவது நான் கொடுத்த நிலையிலேயே.