தள்ளுவண்டி அனுமதி பெற்ற அம்பாசிடர்

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருக்கும் ஆதிநாதன், தமது பழைய அம்பாசிடர் காரைப் புதுப்பிக்கும் திருப்பணியைத் தொடங்கியபோது அவருக்குத் தலை முழுக்கக் கறுப்பு. பணி பாதியில் நின்று கிடந்த காலத்தில் அது நரைத்துவிட்டது. கார் மட்டும் பெயின்ட் உபயத்தில் இளமையாகிவிட்டது. கழற்றிய இன்ஜின் மண்டிக்குள் ஒரு பெஞ்சின்மேல் கோணி போர்த்திக்கொண்டு கிடந்தது. ஆதிநாதன் தினமும் கோணியை விலக்கிப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார், மறுபடியும் மூடுவார். மற்றபடி வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

மனைவி அனந்தவல்லியை அந்தக் காரில் பொம்மையார்பாளையத்துக்கு அழைத்துப்போய், கடலில் சூரியன் எழுவதைக் காட்ட வேண்டும் என்பது அவருடைய லட்சியம். அந்த அம்மாள் இதற்குள் பலமுறை பஸ்ஸில் போய்ச் சூரியனைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று.

இந்த வருஷம் மல்லாட்டை நல்ல விளைச்சல். காரும் இன்ஜினும் அடைத்துக்கொண்டதால் மூட்டை அடுக்க மண்டியில் இடமில்லை.

“அறுவடை மூட்டை வந்து எறங்கறதுக்குள்ள இது ஓடணும். இல்லாட்டி காயலான் கடைக்குப் போவணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க” என்றார் அனந்தவல்லி.

ஆதிநாதனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளே கிளியனூருக்குப் போய் மெக்கானிக் பெரியதம்பியைக் கையோடு அழைத்து வந்தார். பெரியதம்பி இன்ஜினை மாட்டினார். கார் இருமியது, கறுப்பாகப் புகை விட்டது, பிறகு உறுமியது. ஆதிநாதனின் கண் கலங்கியது. கேட்டவர்களிடம் புகை என்றார்.

தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. ஓடாத காரை இந்த நாட்டில் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. ஓடுகிற காருக்குப் பதிவு வேண்டும். அவருடைய பதிவு காலாவதியாகி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எனவே அவர் விழுப்புரத்தில் இயங்கிவரும், அல்லது இயங்கிவருவதாகக் கருதப்படும், வாகன வகைப்பாட்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கே அலுவலர் தமிழ்மணி அன்பாகவே பேசினார்.

“வண்டிய ஓட்டிக்கினு வாங்க. பாத்துட்டுப் பதிவு போட்டுடலாம்.”

“பதிவு இல்லாம ரோட்டுல ஓட்டலாங்களா?”

“ஓட்டக் கூடாது. குத்தம்.”

“அப்ப எப்படிங்க கொண்டாறது?”

“அது உங்க சௌகரியம். அதுல அரசாங்கம் தலையிடாது.”

ஆதிநாதன் காரை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றினார். கூடமாட ஒத்தாசைக்கு மண்டி ஆட்களும், வேடிக்கை பார்க்க அனந்தவல்லியும் வந்தார்கள். தமிழ்மணி வெளியே வந்து டிரெய்லரைச் சுற்றி நடந்தார்.

“இது காரு இல்லீங்க. லோடு.”

“இன்னாங்க சொல்றீங்க?”

“சக்கரம் பூமியத் தொடலியே. பூமியத் தொடாத வண்டி சரக்குன்னுதான் நாங்க வகைப்படுத்துவோம்.”

காரை இறக்கினார்கள். அலுவலக வளாகமும் பொதுச்சாலையே என்று தமிழ்மணி சொன்னதால் இன்ஜினைத் தொடாமல், ஆட்கள் மூச்சு வாங்க, அவருடைய ஜன்னல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். தமிழ்மணியின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

“தள்ளிக்கினு வந்துட்டீங்களே! தள்ளிக்கினு வந்தா அது தள்ளுவண்டி. தள்ளுவண்டிப் பிரிவு மாடியில இருக்குது. இங்க ஒண்ணும் பண்ண முடியாது.”

ஆதிநாதன் காரின் முன்பக்கத்தைத் தடவிக் கொடுத்தார். “காயலான் கடைக்கே போவட்டும், வல்லி. நீ சொன்னதுதான் சரி” என்றார்.

அத்தனை வருஷமும் அந்தக் காரைத் திட்டாத நாள் இல்லாத அனந்தவல்லிக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

“எங்க ஊட்டுக் காரை நான் திட்டுவேன். தள்ளுவண்டின்னு சொல்ல இவரு யாரு? சொல்லிட்டாரு இல்ல? அதையே வாங்கிக்கலாம், வாங்க மாடிக்கு.”

மாடியில் விறுவிறுவென்று காரியம் நடந்தது. நாலு சக்கரம் உண்டா? உண்டு. தள்ளினால் நகருமா? நகரும். அனுமதி கிடைத்துவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை: தள்ளுவண்டியில் வியாபாரம் நடக்க வேண்டும், நடப்பதை அதிகாரி கண்ணால் பார்க்க வேண்டும்.

ஆக, திண்டிவனத்தின் மொத்த வியாபாரி ஆதிநாதன், விழுப்புரம் அலுவலக வாசலில், அம்பாசிடரின் பானெட்மீது வேகவைத்த மல்லாட்டையைக் குவித்து, காகிதத்தில் சுருட்டி விற்கலானார். முதல் வாடிக்கையாளர் தமிழ்மணி. உப்புக் குறைவு என்று அபிப்பிராயம் தெரிவித்தார்.

அந்த வழியாக வந்த கலைப்பிரியா தன் காரை நிறுத்தினார். அவர் பொம்மையார்பாளையத்தில் கடலோர விருந்தினர் விடுதி நடத்துகிறவர். பழையதாகத் தெரியும் எதையும் விடமாட்டார்.

“ஐயோ, சோ க்யூட்! ஆனா ஏன் சார் இவ்ளோ பளபளன்னு வச்சிருக்கீங்க? துரு எங்க?”

“தேய்ச்சு எடுத்துட்டேம்மா. அதுக்கே பல வருஷம் ஆச்சு.”

“துருதான் சார் இப்ப ஃபேஷன். எங்க கெஸ்ட் எல்லாம் துருவத் தேடித்தான் வர்றாங்க. ஒண்ணும் கவலைப்படாதீங்க, துரு கலர்லயே பெயின்ட் கிடைக்குது. புதுசா அடிச்சிடலாம்.”

ஆதிநாதன் மார்பைப் பிடித்துக்கொண்டார். கலைப்பிரியா ஆறுதலாக மல்லாட்டை முழுவதையும் வாங்கிக்கொண்டு, காரைப் படம் பிடித்து உலகத்துக்கு அனுப்பிவிட்டுப் போனார்.

மாலையாயிற்று. டிராக்டர் வேறு லோடுக்குப் போய்விட்டது. ஆட்களும் பஸ் ஏறிவிட்டார்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை என்பது சமணக் குடும்பமான அவர்களின் வழக்கம். அனந்தவல்லி மேற்கே பார்த்தார். பிறகு காரில் ஏறி உட்கார்ந்தார்.

“பசிக்குது. ஜல்தி எடுங்க வண்டிய.”

“வல்லி, இது தள்ளுவண்டி.”

“தள்ளறதுக்கு வெளியிலதான் ஆள் இருக்கணும்னு சட்டமா? உள்ளேருந்து இன்ஜின் தள்ளட்டும்.”

ஆதிநாதன் சாவியைத் திருகினார். அம்பாசிடர் நெடுஞ்சாலையில் ஏறியது. அவருக்கு இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது. அந்த மகிழ்ச்சி சுங்கச்சாவடி வரைக்கும் நீடித்தது. அங்கே வேலை பார்க்கும் ரஞ்சித் கை காட்டி நிறுத்தினான். அனந்தவல்லி அனுமதியை நீட்டினார்.

“தள்ளுவண்டின்னு போட்டிருக்குது!”

“ஆமாம்ப்பா. தள்ளுவண்டிதான்.”

“போர்டுல தள்ளுவண்டிக்கு ரேட்டே இல்லீங்களே. இன்னாங்க இது பேஜாரு!” ரஞ்சித் மேலாளருக்குப் போன் போட்டான். மேலாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“யாராவது தள்றாங்களா?”

“இல்ல சார்.”

“தள்ளாம தள்ளுவண்டி போனா கேமராவுல தப்பாத் தெரியும். நம்ம ஆளுங்களத் தள்ளச் சொல்லு.”

சீருடை அணிந்த ஊழியர்கள் பின்னால் நின்று, ஓடிக்கொண்டிருந்த காரைப் பயபக்தியோடு தள்ளிக் கேட்டைத் தாண்டிவிட்டார்கள். கட்டணம் கிடையாது. பொழுது சாய்வதற்குள் இருவரும் திண்டிவனத்தில் சாப்பிட்டுக் கை கழுவினார்கள். அந்த வாரமே கடலில் சூரியனையும் பார்த்தார்கள். பஸ்ஸில் வந்தபோது பார்த்த அதே சூரியன்தான் என்றார் அனந்தவல்லி. ஆனால் திரும்பி வரும்போது, அடுத்த வாரமும் வரலாமா என்று கேட்டார்.

சுங்கச்சாவடிக் காட்சியை யாரோ படம் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். மறுநாள் முதல் வகைப்பாட்டு அலுவலக மாடியில் கூட்டம் தாங்கவில்லை. விழுப்புரத்தில் கார் வைத்திருந்த நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் தமிழ்மணி தம் காருக்காக நின்றுகொண்டிருந்தார். கலைப்பிரியா துரு கலரில் பெயின்ட் அடித்த புத்தம் புதுக் காரோடு வந்திருந்தார். எல்லாரும் வாசலில் நிறுத்திய காரின் பானெட்மேல் ஒரு பிடி மல்லாட்டையை வைத்துக் காட்டினோம். எல்லாருக்கும் அனுமதி கிடைத்தது.

அந்தச் சமயத்தில் கீரை விற்கும் கோவிந்தம்மாள் தன் தள்ளுவண்டியின் அனுமதியைப் புதுப்பிக்க வந்தார். கூட்டத்தைச் சமாளிக்க அதற்குள் தள்ளுவண்டிப் பிரிவுக்கே மாற்றப்பட்டிருந்த தமிழ்மணி அதைச் சுற்றி நடந்து பார்த்தார்.

“ஸ்டேரிங் இல்ல. கதவு இல்ல. சீட்டு இல்ல. நடைமுறையில் உள்ள பெரும்பான்மைத் தள்ளுவண்டிகளின் அமைப்போடு இது ஒத்துப்போகலியேம்மா” என்றார். அனுமதி மறுக்கப்பட்டது.

இப்போது கோவிந்தம்மாள் கூடையைத் தலையில் சுமந்துகொண்டு தெருத்தெருவாக வருகிறார். அதனால் எங்கள் தெருவுக்குக் கீரை வாடித்தான் வந்து சேர்கிறது. போன வாரம் நான் கார்க் கண்ணாடியை இறக்கி, கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டேன்.

“ஏம்மா, இவ்ளோ லேட்டா? தள்ளுவண்டி என்னாச்சு?”

கோவிந்தம்மாள் என் காரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

“நீங்கதான் உள்ள ஒக்காந்துகினு இருக்கீங்களே சாமி” என்றார்.