வேண்டாத போட்டோக்களின் ஆல்பம்

கல்யாண ஆல்பத்தில் எல்லாரும் லட்சணமாக இருக்கிற வீடுகளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் ஆல்பத்தில் முக்கால்வாசிப் படங்களில் நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். அம்மி மிதிக்கிற படத்தில் என் வீட்டுக்காரர் கொட்டாவி விடுகிறார். தாலி கட்டுகிற படத்தில் தாலியைக் காணோம், யாரோ ஒரு மாமாவின் முதுகு இருக்கிறது. போட்டோகிராபரைத் திட்டாதீர்கள். அந்த மனுஷன் நன்றாகத்தான் எடுத்தார். கெடுத்தது நான், என்னுடைய கெட்டிக்காரத்தனம்.

2006-ல் பெரம்பலூரில் ஒரு ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். வருகிற மெமரி கார்டில் எல்லாம் வைரஸ் இருக்கிறது என்று முதலாளி அண்ணன் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் விண்டோஸுக்குப் பதிலாக, வைரஸ் அண்டாத லினக்ஸ் போட்டு வைத்திருந்தார். மற்றவர்கள் அதைத் தொடமாட்டார்கள். நான் விடுவேனா? அதில் இருந்த ஃபைல் மேனேஜரில் நமக்கு வேண்டிய கட்டளையை நாமே எழுதி மெனுவில் சேர்த்துக்கொள்ளலாம். மெனுவில் அதன் மேல் மவுஸை வைத்து ஒரு கீயைத் தட்டினால், அன்றிலிருந்து அந்தக் கீ நம் பேச்சைக் கேட்கும். (வீட்டில் எதுவும் என் பேச்சைக் கேட்டதில்லை. அதனால்தான் இத்தனை மயக்கம்.)

நான் F8-ஐ வளைத்துப் போட்டேன். போட்டோவைத் தேர்ந்தெடுத்து F8-ஐத் தட்டினால், அது 'ஆல்பம்' என்ற ஃபோல்டருக்குப் போய்விடும். வேலை முடிந்ததும் அந்த ஃபோல்டருக்கு மாப்பிள்ளை, பெண் பெயரை வைத்துவிட்டு, அடுத்த கல்யாணத்துக்குப் புதிதாக ஒரு 'ஆல்பம்' ஃபோல்டர் போட வேண்டும். போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாளும் விட்டதில்லையே.

அப்புறம் எனக்கே கல்யாணம் ஆனது. அரியலூரில் வாழ்க்கைப்பட்டேன். வேலையை விடச் சொன்னார்கள், நான் பிடிவாதமாக நின்றேன்.

"தெனமும் பஸ்ஸு ஏறிப் போயி அங்க அப்படி என்னம்மா பண்ற?" என்றார் என் மாமியார்.

"ஆல்பம் செய்யறேன் அத்தை."

"போட்டோ ஒட்டறதுக்கு ஒரு ஆளா?"

என் வீட்டுக்காரர்தான் சமாதானம் செய்தார். "நம்ம கல்யாண ஆல்பத்துக்கும் அங்கதானே போட்டோவ பொறுக்கி எடுக்கணும். நீங்களும் போயி ஒரு தடவ பாத்துட்டு வந்துருங்கம்மா. அப்புறம் சொல்லுங்க."

"சரி, பாக்கறேன். புடிச்சா போவட்டும், புடிக்கலன்னா வூட்லயே இருக்கட்டும்," என்றார் அத்தை. ஆக, என் வேலை அந்த ஒரு நாளில் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை அத்தையும் நானும் கிளம்பினோம். பஸ் வழியெல்லாம் நின்று நின்று போனது. ஸ்டுடியோவுக்குள் நுழையும்போதே அத்தை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்.

"பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும். அதுக்குள்ள மொத படத்தையாச்சும் எடுத்துரும்மா."

ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் ஃபோல்டர் போட்ட மகராசி, என் கல்யாணத்துக்கு ராகுகாலத்துக்குப் பயந்து நேராக F8-ஐத் தட்டினேன். பிள்ளையார் படம் மறைந்தது.

"எங்க போச்சு?"

"ஆல்பத்துக்குப் போயிருச்சு அத்தை."

"தட்டுனா போயிருமா?" அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "இது வேணும். இது வேணாம், உன் கண்ணு மூடியிருக்கு. இது வேணாம், அவன் வாயத் தொறந்துட்டு நிக்கிறான். ஆங், இந்தத் தாலி கட்டுறது வேணும்." நான் தட்டத் தட்ட அவருக்கு ஆசை வந்துவிட்டது. "நான் அமுக்கட்டுமா?"

"அமுக்குங்க அத்தை," என்றேன் பெருமையாக. அவரே ஒவ்வொன்றாக அமுக்கினார். கடைசியாக, பந்தியில் அவர் அப்பளம் கடிக்கிற படம். "பொடவ நல்லா விழுந்திருக்கு," என்று அதையும் அமுக்கிவிட்டு என் தோளைத் தட்டினார்.

"பரவால்லியே. நல்ல வேலையாத்தான் இருக்கு. நீ போயிட்டு வாம்மா."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எடுத்த படங்களை வரிசையாகக் காட்டுகிறேன் பாருங்கள் என்று தேடினால் ஃபோல்டரே இல்லை. 'ஆல்பம்' என்ற பெயரில் ஒரே ஒரு ஃபைல் இருந்தது. திறந்தேன். அப்பளம்.

ஃபோல்டர் இல்லாததால் அந்தப் பாழாய்ப்போன மெஷின் முதல் படத்துக்கே 'ஆல்பம்' என்று பெயர் வைத்திருக்கிறது. அடுத்த படத்தை அதன் மேலேயே போட்டிருக்கிறது. முந்தையது அழிந்தது. இப்படியே ஒவ்வொன்றும். வேணும் வேணும் என்று பொறுக்கி எடுத்ததெல்லாம் போய், வேணாம் என்று ஒதுக்கியது மட்டும் பத்திரமாக இருந்தது.

"அண்ணே, மெமரி கார்டு இருக்குதுல்ல?" என்றேன்.

"அத அழிச்சிட்டு நேத்தே அடுத்த முகூர்த்தத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்களேம்மா," என்றார் முதலாளி அண்ணன். "நீ ஃபோல்டர் போட்டியா, இல்லியா?"

அத்தைக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் திட்டுவார் என்று பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. "வா, வூட்டுக்குப் போலாம்," என்று மட்டும் சொன்னார். வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவர், அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும்தான் வாயைத் திறந்தார்.

"தாலி கட்டுன படத்த நான் அமுக்குன அமுக்குல அழிய வெச்சிட்டியேம்மா."

அவ்வளவுதான். வேலைக்குப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை நான் கிளம்பவும் இல்லை. ஒதுக்கின படங்களை வைத்து முதலாளி அண்ணனே ஆல்பம் போட்டு அனுப்பினார்.

இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த ஆல்பம் வெளியே வந்துவிடும். என் வீட்டுக்காரர் தன் கொட்டாவியைக் காட்டிச் சொல்வார்: "இவ வேணும்னு எடுத்ததெல்லாம் அழிஞ்சிரும், வேணாம்னதுதான் நெலைக்கும். நான் எப்படி நெலைச்சிருக்கேன் பாருங்க." வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். காபித் தட்டோடு நிற்கிற நானும் சிரிப்பேன். சிரிக்காமல் நின்றால், "என்னம்மா, இன்னும் அந்த வேலை நெனப்பாவே இருக்கியா?" என்று அத்தை கேட்பார். ஆமாம் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.