சைனம்பு அக்கா டேப்பு விடுதலை விழா

உலகத்தில் விடுதலை இயக்கங்கள் எத்தனையோ தோன்றியிருக்கின்றன. வந்திருந்த அனைவருக்கும் ஆளுக்கொரு பருப்பு வடை கொடுத்து விடுதலை வழங்கிய இயக்கம், எனக்குத் தெரிந்து, திண்டுக்கல் 'கருவி விடுதலைப் பேரவை' ஒன்றுதான். அதன் செயலாளர் சார்லஸ் என்ற முறையில் இதைச் சொல்லிக்கொள்ள நான் கூச்சப்படவில்லை.

பேரவையின் கொள்கை எளியது. கம்பெனிக்காரன் மலிவு விலையில் ஒரு டேப்லெட்டை, எங்கள் ஊர் வாயில் 'டேப்பை', நம் தலையில் கட்டுகிறான். அதற்குள் நமக்கு வேண்டாததை எல்லாம் அடைத்து வைத்து, கழற்ற முடியாதபடி பூட்டும் போட்டுவிடுகிறான். அந்தப் பூட்டைத் திறந்து, கம்பெனி வைத்த ஆபரேட்டிங் சிஸ்டத்தைத் தூக்கி எறிந்து, உலகத்து நல்லவர்கள் சும்மா எழுதிக் கொடுத்த இன்னொன்றை உள்ளே வைப்பதே விடுதலை.

தலைவர் பாக்கியராஜ் அண்ணன் மனை விற்பவர். கன்னிவாடிப் பக்கம் ஒரு கருவேலங்காட்டை 'மலையடிவார நந்தவனம்' என்று விற்றவர். உள்ளே என்ன இருக்கிறதோ இல்லையோ, பெயரை மாற்றினால் பொருளே மாறிவிடும் என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. பொருளாளர் சடையாண்டி மைக்செட் வாடகைக்கு விடுபவர். எனவே கூட்டம் நடத்த எங்களுக்குக் காரணம் தேவைப்பட்டதில்லை. தொழில்நுட்பச் செயலாளர் ரொனால்டு செல்போன் கடை வைத்திருக்கிறார். பேரவையில் விடுதலை செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தன் பழைய போனை விடுதலை செய்து காட்டியும் இருக்கிறார். அதற்குப் பிறகு அதில் அழைப்பு வருவதில்லை. "நிம்மதியா இருக்கு" என்றார். நாங்கள் கைதட்டினோம்.

பேகம்பூரில் முகமது பாரூக் பாய் புரோட்டாக் கடை வைத்திருக்கிறார். வைத்திருப்பது அவர், நடத்துவது அவர் மனைவி சைனம்பு அக்கா. எந்த மேசையில் எவன் எத்தனையாவது தடவை சால்னா கேட்கிறான் என்று கல்லாவில் இருந்தபடியே சொல்லிவிடுவார். போன வருடம் தொண்டையில் ஆபரேஷன் ஆகி அவருக்குக் குரல் போய்விட்டது. காது கேட்கும், கோபம் வரும், சத்தம் மட்டும் வராது.

முதலில் பில் தாளில் எழுதிக் காட்டினார். அதைச் சபைக்கு வாசிக்கும் பொறுப்பைப் பாரூக் பாய் ஏற்றுக்கொண்டார். பாய் யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர். "மூணாவது தடவை சால்னா கிடையாது, எந்திரி" என்று அக்கா எழுதினால், பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "கூச்சப்படாமக் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கன்னு எழுதிருக்கா" என்று வாசிப்பார். ஒரு நாள் அக்கா கரண்டியால் அவர் கையில் ஒரு போடு போட்டார். அதையும் பாய் "பாசம்" என்று மொழிபெயர்த்தார்.

பிறகு மகள் ஹுஸ்னா ஒரு மலிவு டேப்பை வாங்கி அம்மா கையில் கொடுத்தாள். நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிற பெண். தமிழில் தட்டி ஒரு பொத்தானை அமுக்கினால் டேப்பு வாய்விட்டுப் படிக்கும். வானிலை அறிக்கை வாசிக்கிற பெண்ணின் குரல். "ஏலே, சால்னா என்ன உங்க அப்பன் வீட்டுக் கெணத்துத் தண்ணியா?" என்று அந்தக் குரல் இழுத்து நிறுத்தி, மரியாதையாகக் கேட்கும்போது, திட்டு வாங்கியவனுக்கே கேட்க இனிமையாக இருக்கும். இதில் பாய் கை வைத்துத் திருத்த எதுவும் இல்லை. அவருடைய வாசிப்புத் தொண்டு அத்தோடு நின்றது.

குறை ஒன்றுதான். மலிவு டேப்பு அல்லவா? தட்டியதைச் செத்த நேரம் யோசித்துவிட்டுத்தான் பேசும். அதற்குள் திட்டு வாங்க வேண்டியவன் கையைக் கழுவிக்கொண்டு போயிருப்பான். அடுத்து வந்தவன் வாங்கிக்கொள்வான். அப்படித்தான் ஒரு நாள் எங்கள் தலைவர் வெள்ளை வேட்டியும் தானுமாகக் கடைக்குள் வந்து உட்கார்ந்து வெங்காயத் தட்டில் கை வைக்க, "வந்துட்டான் பாரு, ஓசி வெங்காயத்துக்கே பொறந்தவன்" என்று வானிலை அறிக்கை முழங்கியது. அது முன்னால் போனவனுக்கு உரியது என்று கடையே எடுத்துச் சொன்னது. ஆனாலும் தலைவரின் கை, எடுத்த வெங்காயத்தைத் திரும்ப வைத்துவிட்டது.

"சார்லஸு, இது கருவியோட குத்தமில்ல. கம்பெனி அத அடிமையாக்கி வச்சிருக்கான். விடுதலை பண்றோம்" என்றார்.

அன்று வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஹுஸ்னாவைப் பெண் பார்க்க நத்தத்தில் இருந்து வருவதாக இருந்தது. மாந்தோப்பும் புளி மண்டியும் உள்ள குடும்பம். வீட்டுக்கு வருகிற பெண்ணுக்குப் படிப்பு எதற்கு, உடனே கல்யாணத்தை வையுங்கள் என்பது அவர்கள் எண்ணம். பாரூக் பாய்க்கு, சபையில் யார் எதைச் சொன்னாலும் தலை தானாக ஆடிவிடும். ஆகவே அக்கா தான் சொல்ல வேண்டியதை டேப்பில் தட்டித் தயாராக வைத்திருந்தார். கடையில் அதைப் போட்டுப் போட்டுப் பார்ப்பார்: "எம்மக படிப்ப முடிச்சாத்தான் கல்யாணம். அதுக்கு முன்னாடி யாரும் தேதி பேசாதீங்க." புரோட்டா தின்ன வந்தவர்கள் எல்லோரும் தேதி பேசாமல் தின்றுவிட்டுப் போனார்கள்.

தலைவர் முறைப்படி அக்காவிடம் அனுமதி கேட்டார். "அக்கா, இத எடுத்துட்டுப் போயி மின்னல் மாதிரி ஆக்கித் தாரோம். சம்மதந்தானே?"

அக்கா வேகமாகத் தட்டினார். டேப்பு யோசித்தது.

"மறுப்பு இல்ல" என்றார் தலைவர். "எடுத்துட்டுப் போங்கண்ணே, தாராளமா" என்று பாரூக் பாயே அதை மனைவி கையிலிருந்து வாங்கி, துண்டால் துடைத்துக் கொடுத்தார். அவ்வளவு உற்சாகமான பாயை நான் பார்த்ததே இல்லை.

நாங்கள் தெருமுனை திரும்பும்போது தலைவரின் கக்கத்தில் இருந்து கணீரென்று குரல் வந்தது: "வேணாம்ப்பா. ஞாயித்துக்கெழம முடியட்டும். அதுவரைக்கும் தொடாதீங்க."



"பாத்தியா, எம்புட்டு லேட்டு!" என்றார் தலைவர். "இத இனிமே ஒரு நாள்கூட இப்பிடியே விடக் கூடாதுய்யா."

சனிக்கிழமை மாலை தலைவர் அலுவலகத்து மாடியில் விழா. பேனரில் தலைவர் ஆளுயரத்துக்கு நின்றார். டேப்பு அவர் சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்தது. அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, 'கொண்டா' என்று கையை நீட்டினார். தலைவர் அதை வணக்கமாக ஏற்றுக்கொண்டு பதில் வணக்கம் செலுத்தினார்.

ரொனால்டு தன் லேப்டாப்பில் டேப்பை மாட்டினார். "அண்ணே, பூட்டத் தொறந்தாச்சு. பழசு அழிஞ்சிரும், புதுசு ஏறும். ஏறி முடியிற வரைக்கும் நடுவுல நிக்கக் கூடாது. நின்னா டேப்பு செங்கல்லுதான், எதுக்கும் ஆகாது. நம்ம லேப்டாப்புல வேற பேட்டரி வீக்கு. வயருலதான் உசுரு."

"நான் பேச ஆரம்பிச்சா என்னைக்குடா நடுவுல நின்னிருக்கேன்?" என்று அபயம் அளித்தார் தலைவர்.

மேடைக்கு இருந்தது இரண்டு துளை உள்ள ஒரே ஒரு மின்பெட்டி. ஒன்றில் லேப்டாப். இன்னொன்றில் சிறப்பு விருந்தினருக்கான மின்விசிறி. சிறப்பு விருந்தினர் வரவில்லை. ஆனால் எந்த நேரத்திலும் வரலாம் என்பதால், காலி நாற்காலிக்கு அது சிறப்பாகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. ரொனால்டு பொத்தானை அமுக்கினார். திரையில் பச்சைக் கோடு ஒன்று ஊர ஆரம்பித்தது. வேலையைத் தொடங்கியவருக்கு மரியாதை செய்யாமல் இருக்கலாமா? அவரை மேடைக்கு இழுத்துப் பொன்னாடை போர்த்தினோம். பிறகு மாலை. பிறகு இன்னொரு பொன்னாடை. அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போட்டோகிராபர் நேரே பார்க்கச் சொன்னார்.

தலைவர் பேச எழுந்தார். அப்போதுதான் மைக்குக்குத் துளை இல்லை என்பது தெரிந்தது. சடையாண்டி பெட்டியைப் பார்த்தார். விருந்தினர் விசிறியைப் பிடுங்குவது பண்பாடு இல்லை. லேப்டாப் வயரைப் பிடுங்கிவிட்டு மைக்கைச் சொருகினார்.

அதைப் பார்த்தது அக்கா ஒருவர்தான். எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார். கூட்டம் கைதட்டியது. அவசரமாக ஒரு தாளில் எழுதி என்னிடம் நீட்டினார். மேடைக்கு வருகிற துண்டுச் சீட்டைப் பிரித்துப் படிப்பது எங்கள் ஊர் வழக்கமில்லை. 'நேரமாச்சு, முடிங்க' என்பதைத் தவிர அதில் வேறு எதுவும் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. தலைவரிடம் கொடுத்தேன். அவரும் வழக்கப்படி பிரிக்காமல் பையில் போட்டுக்கொண்டு, "சீட்டுக் குடுத்துட்டாங்க. ஆகவே ரெண்டே ரெண்டு கருத்தச் சொல்லி முடிச்சுக்கிறேன்" என்று முதல் கருத்தின் முன்னுரையைத் தொடங்கினார். "ஒவ்வொரு மனுசனுக்கும் ஒரு குரல் இருக்கு! அந்தக் குரல நெரிக்க எந்தக் கம்பெனிக்கும் உரிமை இல்ல!"

அக்கா நேரே நடந்து போய் மைக் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, லேப்டாப் வயரைச் சொருகினார்.

மாடியில் பேரமைதி. தலைவரின் வாய் மட்டும் அசைந்தது. "மைக் போயிருச்சு! மைக் போயிருச்சு!" என்று எங்கள் பேரவை அன்று காட்டிய ஒற்றுமையை அதற்கு முன் எந்தத் தீர்மானத்திலும் காட்டியதில்லை. நானும் சடையாண்டியும் இன்னும் நாலு பேரும் பாய்ந்து, அக்காவை மரியாதையோடு நாற்காலியில் உட்கார வைத்து, கையில் ஒரு வடையைக் கொடுத்து, மைக்கைப் பழையபடி சொருகினோம். "எந்தக் கம்பெனிக்கும் உரிமை இல்ல!" என்று குரல் திரும்ப வந்தது. அனைவரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். இரண்டாவது கருத்தின் நடுவில் லேப்டாப் அணைந்தது. பச்சைக் கோடு பாதிதான் ஊர்ந்திருந்தது.

ரொனால்டு பொன்னாடைகளை உதறிவிட்டு ஓடினார். டேப்பில் கம்பெனியின் பெயர் வந்தது, போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது.

"என்னப்பா ஆச்சு?"

"தொடங்குதுண்ணே. தொடங்கித் தொடங்கி நின்னு போகுது."

"நம்ம பேரவை மாதிரி ஓயாம உழைக்குதுன்னு சொல்லு" என்ற தலைவர், விழா மாபெரும் வெற்றி என்று அறிவித்து, அக்காவை ஏற்புரை வழங்க அழைத்தார். அக்கா மைக் முன்னால் வந்து நின்றார். எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். மைக்கில் மூச்சு வாங்கும் ஓசை மட்டும் கேட்டது. "அக்கா பேச்சே வராம நிக்கிறாங்க!" என்று தலைவர் நெகிழ்ந்தார். துண்டுச் சீட்டில் என்ன இருந்தது என்பது, கையில் ஒட்டிய வடை எண்ணெயைத் துடைக்க அவர் அதை எடுத்தபோதுதான் தெரிந்தது: "வயரப் பிடுங்கிட்டான். சீக்கிரம் சொருகச் சொல்லுங்க." நல்ல கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை பேரவை நிர்வாகிகள் நால்வரும் பாரூக் பாய் வீட்டு விசேஷத்துக்கு அழைக்கப்பட்டிருந்தோம். அன்று காலையில்தான் பாய் பேரவையில் ஆயுள் உறுப்பினராகச் சேர்ந்திருந்தார். ஹுஸ்னா தன் போனில் அந்தப் பேசும் ஏற்பாட்டைப் போட்டு அம்மாவுக்குக் கொடுக்கப் பார்த்தாளாம். பெண் பார்க்க வருகிற அன்று பெண் போனும் கையுமாக நிற்கலாமா என்று பாய் அதை வாங்கி பீரோவில் வைத்து, உள்ளூர்ப் பூட்டு ஒன்றைப் போட்டுவிட்டார். அந்தப் பூட்டை மட்டும் திறக்கச் சொல்லி எங்கள் பேரவையை யாரும் கேட்கவில்லை.

பிரியாணி பிரமாதம். மாப்பிள்ளையின் பெரியத்தா, அதாவது பெரியப்பா, அப்துல் ஹாதி தொண்டையைச் செருமினார். "வார மாசமே வச்சுக்குவோம். படிப்பு இம்புட்டுப் போதும். என்ன சொல்றீக?"

பாரூக் பாயின் தலை ஆடியது.

"பொண்ணோட அம்மா என்ன சொல்றாக?"

அக்கா ஒரு தாளில் எழுதி, நேரே அப்துல் ஹாதியிடம் நீட்டினார். "கண்ணாடி கொண்டாரலையே, நீங்களே வாசிங்க சம்மந்தி" என்று அவர் அதைப் பாயிடம் தள்ளினார். பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தாள் என் தட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. எழுத்து கொட்டை கொட்டையாக இருந்தது.

"எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு எழுதிருக்கா" என்று பாய் வாசித்தார்.

அக்கா மேசையில் ஓங்கி அடித்தார். தாளிச்சா கிண்ணம் குதித்தது. கதவுக்குப் பின்னால் இருந்து ஹுஸ்னாவின் குரல் வந்தது. "அத்தா, அம்மா அத எழுதல. எழுதுனத வாசிங்க."

'ஒவ்வொரு மனுசனுக்கும் ஒரு குரல்' என்று முழங்கிய எங்கள் தலைவர் நிமிர்ந்தார். "பெரியவங்க பேசிக்கிட்டு இருக்கோம்ல கண்ணு? உள்ள போ."

அப்துல் ஹாதி சிரித்தபடி எங்கள் பக்கம் திரும்பினார். "நாலு பெரிய மனுசரு உக்காந்திருக்கீக. ஒங்க எல்லாருக்கும் சம்மதந்தானே?"

"சம்மதம்" என்றோம் நால்வரும். வாயில் பிரியாணி இருந்தும் குரல் தெளிவாக இருந்தது. அக்காவின் பழைய டேப்பு போல யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. கேட்ட மாத்திரத்தில் வந்தது.