சிவப்பு மையால் நான் கெடுத்த நாவல்

லாகோஸில் புத்தகம் பதிப்பிக்கும் மதிப்பிற்குரிய திருமதி மோரெனிக்கே அம்மையார் அவர்களுக்கு, எனுகுவில் முப்பத்தெட்டு வருடம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்ற போனிஃபேஸ் அனோசி பணிவுடன் எழுதுவது. நானும் என் மனைவியும் என் ரத்தக்கொதிப்பும் நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் வீட்டு ஜெனரேட்டரும் நலமாயிருக்க இறைவனை வேண்டுகிறேன்.

அம்மையீர், போன வாரம் பஸ் டிரைவர் கையில் வந்த நாவல் கட்டைப் பிரிக்காதீர்கள். பிரித்திருந்தால் படிக்காதீர்கள். படித்துத் தொலைத்திருந்தால், அது என் மகள் கோசி எழுதியதல்ல, நான் கெடுத்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நுசுக்காவுக்கு வேலைக்குக் கிளம்பும்போது, "அப்பா, இதை இன்னிக்கே லாகோஸ் பஸ்ஸுல போட்டுடுங்க" என்று கட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். முதல் பக்கத்தை மட்டும் பார்க்கலாம் என்றுதான் பிரித்தேன். முதல் வரியிலேயே 'கோ-ஸ்லோ'! சாலையில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றால் நம் ஜனங்கள் சொல்வதுதான். வெளிநாடு போய் மூக்கால் பேசிக்கொண்டு திரும்பியவன் 'பீன்-டு'வாம். சிபாரிசுக்குப் பெரிய இடத்தில் ஆள் வைத்திருப்பவனுக்கு 'லாங்-லெக்'காம். எங்கள் ஊர்க்காரர்கள் தாங்களே ஒட்டுப்போட்டுச் செய்த இந்த வார்த்தைகளுக்காக எத்தனை தலைமுறைப் பிள்ளைகளைப் பிரம்பால் வெளுத்திருப்பேன்! என் சொந்த மகளே எழுதினால் லாகோஸில் என்ன நினைப்பார்கள் என்று பதறி, சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். ஒன்பது நாள், அம்மையீர். திருத்திய பக்கங்களைக் கடையில் புதிதாக டைப் அடிக்கக் கொடுத்தால் அந்தக் கடைப் பெண்ணே, "சார், அவங்க எழுதினது எனக்குப் புரியுது. நீங்க எழுதினதுக்கு யாரு வந்து அர்த்தம் சொல்லுவா?" என்றாள். வேலையைப் பார் என்று அதட்டி, டைப் அடித்து வாங்கி, பஸ்ஸிலும் ஏற்றிவிட்டேன்.

விதி அத்தோடு விட்டதா? என் மனைவி உகோயே தலை பின்னிக்கொள்ளும் ஃபெலிசியாவின் கடையில்தான் கோசி தன் அத்தியாயங்களை முதலில் வாசித்துக்காட்டுவது வழக்கம். கல்யாண மாப்பிள்ளை நடுவழியில் மாட்டிக்கொள்ள, மணப்பெண் பசி தாங்காமல் பந்திச் சோற்றில் கைவைக்கும் இடம் வந்தால், பாதி பின்னிய தலையோடு பெண்கள் நாற்காலியிலிருந்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சனிக்கிழமை உகோயேவை அழைத்துவரப் போன என்னை ஃபெலிசியா பிடித்துக்கொண்டாள். "கோசி அப்பா, பொண்ணு இல்லைன்னா என்ன, நீங்க படிங்களேன்!" நானும் பெருமையாக, பையில் வைத்திருந்த என் திருத்திய பிரதியின் நகலை எடுத்து, "அயல்நாட்டில் வசித்துத் திரும்பிய அக்கனவான், வாகன நெரிசலால் நேர்ந்த தாமதத்தின் பொருட்டு" என்று கணீரென்று ஆரம்பித்தேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. சோறு தின்கிற இடம் வந்தும் சிரிக்கவில்லை. கடைசியில் மூலையில் இருந்த ஒருத்தி மெதுவாக, "வாத்தியாரே, யாரு செத்துட்டாங்க?" என்று கேட்டாள்.

வீடு வந்ததும் உகோயே வாசலில் நின்று, "சின்ன வயசுலதான் அவளைப் பேசவிடல. இப்பவுமா, கோசி அப்பா?" என்றாள். அம்மையீர், எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்பது வயதில் கட்டுரை நோட்டில் 'பீன்-டு' என்று எழுதியதற்காக வகுப்பின் முன்னால் நிறுத்தி அவளை அடித்தவன் நான். அடுத்த ஒரு வருடம் அவள் ஒரு வரிகூடச் சொந்தமாக எழுதவில்லை. இப்போது மறுபடியும் அதையே செய்துவிட்டேனே! என் வரிகளின் மேல் அவள் பெயர் அச்சாகக் கூடாது. கட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தப் புத்தகம்தான் அவள் உயிர்.

தங்கள் பதிப்பகம் செழிக்கவும், தங்கள் பிள்ளைகள் நீடூழி வாழவும் வாழ்த்தும்,
போனிஃபேஸ் அனோசி.

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது கோசி போன் செய்தாள். அசலைத் தன் சிநேகிதி கையில் உங்களுக்கு ஒரு மாதம் முன்பே கொடுத்தனுப்பிவிட்டாளாம், நீங்களும் ஏற்றுக்கொண்டுவிட்டீர்களாம்! "உங்க கையில சிவப்புப் பேனா இருக்குன்னு தெரிஞ்சும் அசலைத் தருவேனாப்பா? உங்களுக்கும் பொழுதுபோக வேண்டாமா?" என்று சிரிக்கிறாள், கழுதை. ஆகவே கட்டைத் திருப்பி அனுப்ப வேண்டாம், உங்கள் தெருமுனையில் அக்காரா வடை சுடுகிறவளிடம் பொட்டலம் மடிக்கக் கொடுத்துவிடுங்கள். புத்தகத்தின் காணிக்கைப் பக்கத்தையும் வாசித்துக் காட்டினாள்: 'இந்த வார்த்தைகளுக்காக எனக்கு ஆறு அடி கொடுத்த அப்பாவுக்கு.' அம்மையீர், நான் கொடுத்தது நாலுதான், நன்றாக நினைவிருக்கிறது. அதை மட்டும் தயவுசெய்து திருத்தி...

வேண்டாம். ஆறு என்றே இருக்கட்டும். வாங்கியவள் அவள்.