ஆடி மாதப் பனியில் இரண்டு தேசிக்காய்

அடுத்தவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுத்துச் சம்பளம் வாங்குகிறவர்களை நம்பி ஓர் ஏணியில்கூட ஏறக்கூடாது. இதை நான் அடித்துச் சொல்வேன். ஏனென்றால் நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். மெல்பேர்ணின் தென்கிழக்கில் ஒரு பெரிய களஞ்சியத்தில் எனக்குப் பாதுகாப்பு அலுவலர் வேலை. மஞ்சள் மேலங்கியை மாட்டிக்கொண்டு, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்களை வரிசையில் நிறுத்தி, "தரையில் கோடு போடுவது கம்பனியின் பொறுப்பு, கோட்டுக்குள் நிற்பது உங்கள் பொறுப்பு" என்று தினமும் ஓதுகிறவன். (கேட்கிறவர்கள் கொட்டாவி விடுவார்கள். அது வேறு கதை.) அப்படிப்பட்ட நான் ஒரு பனிமலையில், வருங்கால மாமனாரின் கண்முன்னால், அவருடைய கைபேசியில் வீடியோ ஓடிக்கொண்டிருக்க, ஓர் இரும்புக் கம்பத்தைக் கட்டிப்பிடித்த வரலாறு இது.

அப்போது எனக்கும் துஷிக்கும் கல்யாணம் நிச்சயமாகவில்லை. கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலிருந்து பழக்கம். துஷிக்கு என்னைப் பிடித்திருந்தது. அவளுடைய அம்மா ராணி அன்ரிக்கு நான் இரண்டாம் தரம் சோறு கேட்பது பிடித்திருந்தது. மிச்சம் இருந்தவர் அப்பா, நடேசன் அங்கிள். பஸ் ஓட்டுநர். ஒரு குருவிகூட இல்லாத கார் தரிப்பிடத்திலும் சிக்னல் போட்டுத்தான் திரும்புவார். என் படிப்பையும் அவர் கேட்கவில்லை, ஊரையும் கேட்கவில்லை. "பொடியன் பொறுப்பான ஆளோ?" என்ற ஒன்றை மட்டும் துஷியிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு நாள் முழுக்க உங்களோட நிண்டால் அப்பாவுக்கு விளங்கும்" என்று துஷிதான் அந்தப் பனிமலைப் பயணத்தை ஏற்பாடு செய்தாள். அன்று பின்னேரம் அங்கிள் தலையாட்டினால் கல்யாணம். ஆட்டாவிட்டால் இல்லை.

பயணத்துக்கு முதல் கிழமை, கிரான்பர்னில் அவர்கள் வீட்டில் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அங்கிள் நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, உமக்கு ஸ்கீ ஓடத் தெரியுமோ?"

இல்லை என்ற ஒரு சொல்லோடு முடிந்திருக்க வேண்டிய விசயம். ஆனால் மாப்பிள்ளையாகப் போகிறவன் ஒரு கேள்விக்கு இல்லை என்று பதில் சொல்வதா என்று உள்ளே ஒருவன் துள்ளினான்.

"ஓம் அங்கிள். ஓரளவுக்கு ஓடுவன்."

மேசைக்குக் கீழே துஷி என் காலை ஏறி மிதித்தாள். அவள் பல்கலைக்கழக நண்பர்களோடு போய் நன்றாகவே பழகியவள். என்னுடைய அனுபவமோ, மற்றவர்கள் பனியில் விழுவதைக் கைபேசியில் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது மட்டும்தான்.

இந்த நாட்டில் பனி கொட்டுவது ஆடி மாதத்தில். ஆடியில் நம்மவர்கள் எதையும் புதிதாகத் தொடங்கமாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுத் தவித்தவர் ராணி அன்ரி. காரில் ஏறும்போதே தொடங்கிவிட்டார்.

"ஆடிக்குள்ள பொடியன் புதுசா ஒண்டைத் தொடங்கிறது எனக்குச் சரியாப் படேல்லை."

"நான் புதுசாத் தொடங்கேல்லை அன்ரி. எனக்கு ஏற்கெனவே தெரியும்" என்றேன். (ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய். தனியாக விட்டால் பாவம், பயந்துவிடும்.)

அன்ரி சமாதானமாகவில்லை. மடியில் ஒரு பெரிய ஃபிளாஸ்க் நிறைய ஆடிக்கூழ், கைப்பையில் இரண்டு தேசிக்காய், அதாவது எலுமிச்சங்காய். கூழ் சரி, தேசிக்காய் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மலையடிவாரத்தில் காரை நிறுத்தி, சில்லுக்குச் சங்கிலி கட்ட வேண்டும் என்றார்கள். அங்கிள் விளக்கத்தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துவிட்டு, ஒரே முறையில் கட்டி முடித்தார். நான் பக்கத்தில் நின்று, "முதுகை வளைக்காதைங்கோ அங்கிள், முழங்காலை மடியுங்கோ" என்று அறிவுரை சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது ஸ்கீ வாடகைக் கடை. கவுண்டரில் நின்ற பெண் என் உயரம், நிறை எல்லாம் கேட்டுவிட்டு, எனக்கு எவ்வளவு ஓடத் தெரியும் என்று கேட்டாள். அது சும்மா குசலம் விசாரிப்பு இல்லை. நீங்கள் சொல்லும் பதிலைப் பொறுத்துத்தான், சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்திருக்கும் பூட்டை இறுக்குவார்கள். புதியவர் என்றால் தளர்வாக வைப்பார்கள், விழுந்தால் ஸ்கீ தானாகக் கழன்றுவிடும். தெரிந்தவர் என்றால் இறுக்கி விடுவார்கள். இதையெல்லாம் அவள் அப்போதே விளக்கினாள். எனக்கு வலப்பக்கம் அங்கிள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நடுத்தரம்" என்றேன்.

"ஆர் யூ சீரியஸ்?" என்றாள் துஷி. "ஜஸ்ட் சே பிகினர். ப்ளீஸ்."

நான் கேட்டால்தானே? அந்தப் பெண் பூட்டை நன்றாக இறுக்கிக் கொடுத்தாள்.

கடைக்கு வெளியே ஒரு பெரிய அறிவிப்புப் பலகை. மனிதர்கள் அதைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். நடேசன் அங்கிள் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அன்ரிக்காகத் தமிழிலும் சொல்லிக்கொண்டு, வரி விடாமல் வாசித்தார்.

"இஞ்ச பாரும் ராணி. கம்பங்களுக்கு மெத்தை கட்டுறது, ஆபத்தான இடத்தைக் கயிறு கட்டி மூடுறது, போர்ட் வைக்கிறது, இதெல்லாம் மலை நடத்திற ஆக்களின்ர பொறுப்பு. தன்ர திறமைக்கு ஏத்த சரிவில போறது, நிப்பாட்ட ஏலுமான வேகத்தில போறது, கயிறைத் தாண்டாமல் இருக்கிறது, இதெல்லாம் எங்கட பொறுப்பு. முன்னுக்கு, கீழ நிக்கிற ஆளுக்குத்தான் வழி. மேல இருந்து வாறவர்தான் விலத்த வேணும்." கோடையில் இதே மலையில் சைக்கிளில் இறங்குகிறவர்களுக்கும் இதுதான் சட்டம் என்று கடைசி வரியில் இருந்ததையும் அவர் விடவில்லை. எங்கள் ஒருவரிடமும் சைக்கிள் இல்லை.

"அங்கிள், இதெல்லாம் நான் படிப்பிக்கிற பாடம்" என்றேன், கொஞ்சம் சலிப்போடு.

"அப்ப நல்லது" என்றார் அவர்.

கோப்பிக்கடை வாசலிலேயே சரிவு தொடங்கியது. இடப்பக்கம் குழந்தைகளும் புதியவர்களும் இறங்கும் சாய்வு. அதில் என் பாட்டியைக்கூட இறக்கி... சரி, வேண்டாம். வலப்பக்கம் செங்குத்தாக இன்னொன்று. அதற்குக் குறுக்கே செம்மஞ்சள் கயிறு கட்டி, மூடப்பட்டது என்று போட்டிருந்தார்கள். இரண்டும் கீழே ஒரே இடத்தில் சேரும். அங்கே, ஆட்களைக் கதிரையில் இருத்தி மலைமேல் ஏற்றும் லிஃப்டின் கம்பம் ஒன்று, கழுத்து வரைக்கும் தடித்த மஞ்சள் மெத்தை சுற்றி நின்றது. அங்கிள் படிவழியாக இறங்கிப்போய், கம்பத்துக்குச் சற்றுத் தள்ளி எல்லோருக்கும் தெரிகிற இடமாகப் பார்த்து நின்று, கைபேசியைத் தூக்கிப் பிடித்தார். என் வீரத்தைப் படம் பிடிக்கத்தான்.

துஷி என்னை இடப்பக்கச் சாய்வைப் பார்த்து நிறுத்தினாள். "முன் நுனி ரெண்டும் சேர, பின் பக்கம் விரிய, பீட்சாத் துண்டு மாதிரி வைச்சால் நிக்கும். டோன்ட் பீ அ ஹீரோ."

தலையாட்டினேன். அப்போதுதான் ராணி அன்ரி கைப்பையைத் திறந்தார்.

"அசையாதைங்கோ தம்பி. புது வாகனம், அதுவும் ஆடி. தேசிக்காய் வைக்காமல் விடமாட்டன்."

கார், வான், லொறி என்று எதற்கும் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துவிட்டுத்தான் நம்மவர்கள் ஓட்டத் தொடங்குவார்கள். ஸ்கீக்குச் சில்லு இல்லை என்பது அன்ரிக்கு ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை. இந்த ஸ்கீயின் கீழ் ஒன்று, அந்த ஸ்கீயின் கீழ் ஒன்று என்று குனிந்து வைத்தார்.

"அம்மா, நோ!" என்று துஷி கத்தினாள்.

என் வேலைத்தளத்தில் யாராவது இப்படிச் செய்திருந்தால் அந்த இடத்தையே மூடி, எல்லோரையும் வெளியே அனுப்பியிருப்பேன். ஆனால் மாமியாராகப் போகிறவர் குனிந்து வைத்ததை எடுக்கச் சொல்ல யாருக்கு மனம் வரும்? தடியை ஊன்றி, மெல்ல உந்தினேன்.

இடக்கால் தேசிக்காய் பனிக்குள் புதைந்தது. வலக்கால் தேசிக்காய் உருண்டது. நான் அப்படியே வலப்பக்கம் திரும்பினேன். குனிந்தேன் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்தச் செம்மஞ்சள் கயிறு என் தலைக்கு மேலால் போனது மட்டும் நினைவிருக்கிறது.

"பீட்சா! பீட்சா!" என்று பின்னால் துஷியின் குரல்.

"கூழ் இருக்கேக்க என்னத்துக்குப் பிள்ளை பீட்சா?" என்று அன்ரியின் குரல்.

ஐயோ, அந்த வேகம்! "விலத்துங்கோ! விலத்துங்கோ!" என்று நான் கத்திக்கொண்டு இறங்கினேன். கீழே நின்றவர்களில் அது விளங்கக்கூடிய ஒரே ஆள் நடேசன் அங்கிள். அவரோ அசையவில்லை. கீழே நிற்பவருக்குத்தான் வழி என்று பலகையில் வாசித்தவர் அல்லவா? ஒரு கையில் கைபேசி ஓடிக்கொண்டிருக்க, மறு கையை உயர்த்தி, பொலிஸ்காரர் வாகனத்தை நிறுத்துவது போல என்னை நிறுத்தினார். நான் நிற்பேன் என்று அவர் உண்மையாகவே எதிர்பார்த்தார்.

அவரை இடித்துக் கொல்லப்போகிறேன் என்று நினைத்தேன். கல்யாணம் போகட்டும், மனிதன் உயிரோடு இருந்தால் போதும் என்று கண்ணை மூடினேன். ஒரு பள்ளம் தூக்கிப் போட்டது. திறந்து பார்த்தால், மஞ்சள் மெத்தை என் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. இரண்டு கைகளாலும் கம்பத்தை இறுக்கிக் கட்டிப்பிடித்திருந்தேன். ஸ்கீ இரண்டும் கம்பத்தின் இரு பக்கத்தாலும் நீட்டிக்கொண்டிருந்தன. கழலவில்லை. நடுத்தரம் அல்லவா? வலது முழங்கால்தான் கழன்றுவிட்டது போல வலித்தது.

சிவப்பு ஜாக்கெட் போட்ட மீட்புப் படைப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். பூட்டைத் திறந்து காலை விடுவித்துவிட்டு என்னைக் கேட்டாள். கயிற்றைப் பார்க்கவில்லையா? பார்த்தேன். பலகையை வாசிக்கவில்லையா? வாசிக்கக் கேட்டேன். அவள் பெருமூச்சு விட்டாள். "மெத்தை கட்டினோம், கயிறு கட்டினோம், பலகை வைத்தோம். எங்கள் வேலையை நாங்கள் செய்துவிட்டோம். உங்கள் வேலையை யார் செய்வது?"

தினமும் நான் களஞ்சியத்தில் சொல்லும் வசனம் அப்படியே, அதுவும் என்னைப் பார்த்து. வெட்கத்தில் எனக்குக் குளிரே தெரியவில்லை.

பிறகு கடைசிக் கேள்வி. "இதற்கு முன் நீங்கள் எத்தனை தரம் ஸ்கீ ஓடியிருக்கிறீர்கள்?"

பக்கத்தில் அங்கிள் நின்றார். வீடியோ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு தரமும் இல்லை" என்றேன்.

"ஓ" என்றார் அங்கிள். அவ்வளவுதான்.

முதலுதவி அறை இன்னும் கீழே இருந்தது. என்னைப் படுக்க வைத்துப் பட்டி போட்டுக் கட்டி, ஒரு சறுக்கு வண்டியில் இழுத்துக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் ஆட்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ராணி அன்ரி ஃபிளாஸ்க்கோடு பக்கத்தில் ஓடிவந்து, "தேசிக்காய் வைச்சபடியால்தான் தம்பி இதோட போச்சுது" என்று ஆறுதல் சொன்னார்.

முழங்காலில் சவ்வு கொஞ்சம் இழுபட்டிருந்தது, வேறொன்றும் இல்லை. கட்டுப் போட்டுவிட்டுப் போனார்கள். துஷி அழுது முடித்துத் திட்டத் தொடங்கி, அதையும் முடித்துவிட்டு, அன்ரியையும் கூட்டிக்கொண்டு கார் எடுக்கப் போனாள். அறையில் நானும் அங்கிளும் மட்டும். அவர் கதிரையில் இருந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"அங்கிள், சொறி. நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன்."

"ஓம். கண்டனான்." இன்னொரு மிடறு குடித்தார். "ஆனா தம்பி, ஒரு விசயம். நான் கன காலமா பஸ் ஓடுறன். எத்தினை பேர் எனக்குப் பொய் சொல்லியிருப்பினம்? சில பொய் வருசக்கணக்கில நிக்கும். உம்மட பொய் கோப்பிக்கடையில இருந்து கம்பம் வரைக்கும்கூடத் தாங்கேல்லை."

நான் தலையைக் குனிந்தேன்.

"இப்பிடிப்பட்ட ஆளுக்குப் பிள்ளையைக் குடுக்கப் பயமில்லை" என்றார் அங்கிள். "நீர் என்ன குழப்படி செய்தாலும் அண்டைக்கே எங்களுக்குத் தெரியவந்திடும்."

பிறகு ஒரு கோப்பையில் எனக்கும் கூழ் ஊற்றிக் கொடுத்தார். என் வாழ்க்கையில் அப்படி ருசியான கூழ் நான் குடித்ததில்லை.

ஆடி கழிந்து ஆவணியில் பேசி முடித்தார்கள். கல்யாணத்தன்று மண்டபத்துக்குள் நுழைந்த எனக்குப் பகீரென்றது. மணவறையின் நாலு தூண்களிலும் பூச்சரம் இருந்தது. நான் இருக்கப்போகும் பக்கத்துத் தூணில் மட்டும், பூச்சரத்துக்குக் கீழே, கழுத்து வரைக்கும் தடித்த மஞ்சள் மெத்தை சுற்றிக் கட்டியிருந்தது. ஐயர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன சடங்கு என்று கேட்டார்.

"எங்கட பொறுப்பை நாங்கள் செய்திட்டம் ஐயா" என்றார் என் மாமனார். "மிச்சம் மாப்பிள்ளையின்ர பொறுப்பு."

அந்த மெத்தை இப்போது எங்கள் கராஜில் இருக்கிறது. போன கிழமை மின்குமிழ் மாற்ற ஏணியில் கால் வைத்துக்கொண்டு, "எனக்குத் தெரியும், நீங்கள் எல்லாரும் தள்ளுங்கோ" என்றேன். மாமனார் எழும்பிப் போய், மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, ஏணிக்குக் கீழே விரித்துவிட்டு, கைபேசியைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கத் தொடங்கினார்.